மொன்விசோ மலையடியில் எஞ்சிய ஊர்கள்

இத்தாலி என்றதும் நம்மில் பலருடைய உள்ளத்தில் எழுவன ரோமாபுரியின் இடிபாடுகளும், வெனிஸ் நகரின் நீர்த்தெருக்களும், சாய்ந்து நிற்கும் பைசா கோபுரமுமே ஆகும். அந்நாட்டின் வடமேற்கு மூலையை எவரும் எளிதில் நினைப்பதில்லை. வாசக அன்பர்கள் வீட்டிலுள்ள உலகப்படத்தைச் சற்றே விரித்துப் பார்ப்பார்களாக. பிரான்சு நாட்டை ஒட்டி ஆல்ப்ஸ் மலைத்தொடர் வடக்கிலிருந்து தெற்காக வளைந்து இறங்குகிறது. அவ்வளைவில், மற்றச் சிகரங்களை விடத் தலைநிமிர்ந்து, தனியொரு கூம்பாக நிற்பது மொன்விசோ. அதன் உயரம் 3841 மீட்டர். இத்தாலியின் மிக நீண்ட ஆறாகிய போ, இம்மலையின் அடியில் 2020 மீட்டர் உயரத்திலுள்ள ஒரு புல்வெளியில் பாறைகளுக்கு இடையிலிருந்து ஊறி வெளிப்படுகிறது. 652 கிலோமீட்டர் ஓடிக் கிழக்குக் கடலைச் சேரும் அப்பேராறு, பிறந்த இடத்தில் ஒரு சிறுவன் தாண்டிவிடக்கூடிய ஓடைதான்.

இம்மலையைச் சுற்றி மூன்று பள்ளத்தாக்குகள் விரல்களைப் போல் விரிந்து கிடக்கின்றன. வடக்கே போ, நடுவே வரைதா, தெற்கே மாயிரா. அந்தந்த ஆற்றின் பெயரே பள்ளத்தாக்கின் பெயரும் ஆயிற்று. மூன்றும் பியெமோந்தே மாநிலத்தில், குனேயோ மாவட்டத்தைச் சேர்ந்தவை. இங்குள்ள மலையூர்களின் கதையைத்தான் இம்மாதம் சொல்ல எண்ணினேன். பேரரசர்களோ பெரும்போர்களோ மிகுதியாக வராத கதை அது. ஒரு மக்கட்கூட்டம் எவ்வாறு ஓரிடத்தில் ஊன்றி நின்றது, பின்னர் எவ்வாறு அவ்விடத்தை விட்டு நழுவியது என்பதே அதன் சாரம்.

இப்பள்ளத்தாக்குகளில் ஒரு ஊர் எங்கே அமையும் என்பதை வெயிலே முடிவு செய்தது. ஆற்றின் ஒரு கரைச் சரிவு தெற்கு நோக்கியது. அங்கே குளிர்காலத்திலும் வெயில் விழும். எதிர்ச்சரிவு நிழலில் உறைந்து கிடக்கும். வெயிற்சரிவுக்கு அம்மக்கள் மொழியில் 'அத்ரெச்' என்றும், நிழற்சரிவுக்கு 'உபாக்' என்றும் பெயர். ஊரும் வயலும் அத்ரெச்சில், காடு உபாக்கில். வீடுகள் கருங்கல்லால் கட்டப்பட்டுக் கூரைக்கும் கல்லே வேயப்பட்டவை. தகடுதகடாகப் பிளக்கும் பாறையை எடுத்து, லார்ச் என்னும் ஊசியிலை மரத்தின் பருத்த உத்தரங்கள் மீது செதில்போல் அடுக்குவர். பனியின் பாரத்தை அது தாங்கும். கீழ்த்தளத்தில் தொழுவம், அதற்கு மேல் குடியிருப்பு, உச்சியில் வைக்கோற் பரண். கம்பு போன்ற தானியம் அங்கு விளையாது. ரை என்னும் குளிர்நிலத் தானியமும், உருளைக்கிழங்கும், தாழ்ந்த சரிவுகளில் கஷ்கொட்டையும்தான் உணவு. மேட்டூர்களில் ஊர்ப்பொது அடுப்பை ஆண்டுக்கு ஓரிரு முறையே மூட்டி, மாதக்கணக்கிற்கு வேண்டிய ரொட்டியைச் சுட்டு வைத்துக்கொள்வர். விறகு அத்துணை அருமையானது. அந்த ரொட்டி காய்ந்து கல்லாகிவிடும்; அதை வெட்டுவதற்கென்றே பலகையில் பிணைத்த கத்தி ஒன்று வீட்டுக்கு வீடு இருந்தது.

குளிர்கால இரவுகளில் குடும்பம் முழுவதும் தொழுவத்திலேயே கூடும். மாடுகளின் உடல் வெப்பமே அவர்களுக்குக் கணப்பு. பெண்கள் கம்பளி நூற்பார்கள். முதியவர்கள் சூனியக்காரிகளைப் பற்றிக் கதை சொல்வார்கள். அக்கம்பக்கத்தார் வந்து ஒரே விளக்கொளியைப் பகிர்ந்து கொள்வார்கள். தொழுவம் என்பது ஏழ்மையின் அடையாளமாக நமக்குத் தோன்றலாம். ஆனால் அங்கு அதுவே உயிர்காக்கும் அறை.

இது மிகையன்று என்பதற்கு ஒரு நிகழ்ச்சி சான்று. மாயிராவுக்குத் தெற்கே ஸ்தூரா என்னும் பள்ளத்தாக்கு உள்ளது. அங்குள்ள பெர்ஜெமொலெத்தோ என்ற சிற்றூரின் மீது 1755 மார்ச் மாதம் பெரும் பனிச்சரிவு இறங்கியது. ஒரு குடும்பத்தின் தாயும், அவளுடைய மகளும், சிறுவனாகிய மகனும், கணவனின் சகோதரியும் தொழுவத்தில் இருந்தனர். கூரை நொறுங்கியும் தீவனத் தொட்டியருகே ஒரு சிறு இடைவெளி எஞ்சியது. அதனுள் நிமிர்ந்து நிற்கவும் முடியாமல், இருளில், 37 நாட்கள் அவர்கள் கிடந்தனர். கைவசம் இருந்த சிறிதளவு கஷ்கொட்டையும், உடன் சிக்கிய ஆடுகளின் பாலுமே ஆகாரம். சிறுவன் இறந்து போனான். மூன்று பெண்களும் உயிருடன் மீட்கப்பட்டனர். பனி உருகத் தொடங்கிய பின், பிணங்களை எடுக்கலாம் என்று தோண்டிய உறவினருக்கு உள்ளிருந்து குரல் கேட்டது. தூரின் நகரத்து மருத்துவர் ஒருவர் இதை ஆராய்ந்து ஒரு நூலே எழுதினார்.

இத்தகைய மலைகளில் உப்பு கிடையாது. மாட்டுக்கும் மனிதருக்கும் உப்பின்றி ஆகாது. பாற்கட்டி செய்வதற்கும் அது வேண்டும். தென் பிரான்சின் கடற்கரை உப்பளங்களிலிருந்து மலையைக் கடந்துதான் அது வரவேண்டும். மொன்விசோவின் வடபுறத்தில் ஒரு கணவாய் உண்டு. 2950 மீட்டர் உயரம். இறுதிப் பகுதி கோவேறு கழுதைகளுக்கும் கொடியது. அக்காலத்தில் இப்பகுதியை ஆண்ட சலூத்சோ சிற்றரசின் தலைவர் இரண்டாம் லுதோவிகோ, கணவாய்க்குச் சற்றுக் கீழே மலையையே குடைந்து வழி செய்ய முனைந்தார். 1480ஆம் ஆண்டளவில் வேலை முடிந்தது. நீளம் சுமார் 75 மீட்டர். சுமையேற்றிய கழுதை ஒன்று நுழைந்து செல்லும் அளவு. ஆல்ப்ஸ் மலையில் மனிதர் குடைந்த முதல் சுரங்க வழி இதுவே என்பர். கோடையில் சில மாதங்கள் மட்டும் திறந்திருக்கும். எஞ்சிய காலம் பனி மூடிக்கொள்ளும். அந்தச் சிற்றரசு 1601ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி சவோய் அரசரின் கைக்குப் போனபின் சுரங்கம் கவனிப்பாரற்றுப் போயிற்று. பாறை விழுந்து அடைபடுவதும், எவரேனும் தோண்டித் திறப்பதுமாக நூற்றாண்டுகள் கழிந்தன. 2014இல் செப்பனிடப்பட்டு, இன்று மலையேறுவோர் கைவிளக்குடன் அதனூடே நடந்து பிரான்சுக்குள் சென்று வருகின்றனர். கார்த்தேஜ் தளபதி ஹானிபால் யானைகளோடு ஆல்ப்ஸைக் கடந்தது இந்தக் கணவாய் வழியாகத்தான் என்று வாதிடுவோரும் உளர். 2016இல் வெளியான ஓர் ஆய்வு, அங்குள்ள சேற்றுப் படிவில் பழங்காலத்து விலங்குச் சாணத்தின் அடையாளம் இருப்பதைச் சுட்டியது. வழக்கு இன்னும் முடியவில்லை. நாமும் அதில் தலையிட வேண்டாம்.

மலை நம் கண்ணுக்குத் தடையாகத் தெரிகிறது. அங்கு வாழ்ந்தோர்க்கு அது வாசல். வரைதாப் பள்ளத்தாக்கின் உச்சியில், ஏறத்தாழ 1800 மீட்டர் உயரத்தில், கியனாலே என்றோர் அழகிய ஊர் இருக்கிறது. ஓடையின் இருபுறமும் கல்வீடுகள், நடுவே பழைய கற்பாலம். அதற்கு மேல் பிரான்சு எல்லை. இவ்வூரும் இதனை அடுத்த ஊர்களும், மலையின் அப்புறத்து பிரியான்சோன், கேராஸ் பகுதிகளும் சேர்ந்து 1343ஆம் ஆண்டில் தங்கள் தலைவராகிய இரண்டாம் ஊம்பெர் என்பவரிடம் பணம் கொடுத்து ஓர் உரிமைப் பட்டயம் பெற்றன. பிரபுக்களுக்குரிய கடமைகள் நீங்கின. வரியைத் தாங்களே ஊருக்கு ஊர் பங்கிட்டு வசூலிக்கவும், தங்கள் அலுவலரைத் தாங்களே தேர்ந்துகொள்ளவும் உரிமை கிடைத்தது. ஐரோப்பாவின் பெரும்பகுதியில் உழவன் நிலத்தோடு கட்டுண்டு கிடந்த காலம் அது! ஐந்து கூட்டங்களாக அமைந்த இவ்வேற்பாட்டை 1713ஆம் ஆண்டின் உத்ரெக்ட் உடன்படிக்கை பிளந்தது. மூன்று கூட்டங்கள் சவோய்க்கு, இரண்டு பிரான்சுக்கு. மழைநீர் எந்தப் பக்கம் ஓடுகிறதோ அந்தப் பக்கத்து அரசனுக்கு அந்த நிலம் என்று எங்கோ தொலைவில் மேசையருகே அமர்ந்தவர்கள் கோடு கிழித்தனர். மாமன் வீடு ஒரு நாட்டிலும் மருமகன் வீடு மறுநாட்டிலும் ஆயின.

கற்பிக்கும் தொழிலில் இருப்பவன் என்பதால், இம்மலைக்கூட்டத்தைப் பற்றிய ஒரு செய்தியருகே சற்று நின்றுவிடுகிறேன். சமவெளி ஊர்களைக் காட்டிலும் இம்மேட்டு ஊர்களில்தான் எழுத்தறிவு மிகுந்திருந்தது. தங்கள் வரியைத் தாங்களே கணக்கிட வேண்டியிருந்ததும், ஆறு மாதம் பனியால் அடைபட்டுக் கிடந்ததும் அதற்குக் காரணமாகலாம். பிரியான்சோன் பகுதியில் பல குடியானவர்கள் குளிர்காலத்தில் ஆசிரியர்களாக ஊர் ஊராகச் சென்றனர். இலையுதிர் காலத்துச் சந்தைகளில், தொப்பியில் இறகு செருகிக்கொண்டு நிற்பார்களாம். ஓர் இறகு என்றால் எழுதப் படிக்கக் கற்பிப்பவர். இரண்டு என்றால் கணக்கும் தெரிந்தவர். மூன்று இறகு என்றால் இலத்தீனும் வரும். ஊரார் இறகைப் பார்த்துக் கூலி பேசி அழைத்துச் செல்வர். பனி உருகியதும் ஆசிரியர் தம் ஏருக்குத் திரும்புவார். சந்தையில் மாட்டுக்குப் பக்கத்தில் ஆசிரியரும் விலை பேசப்படுவதா என்று முதலில் எனக்கு வருத்தமாக இருந்தது. பின்னர் எண்ணிப் பார்த்தால், தங்கள் பிள்ளைகளுக்கு எழுத்து வேண்டும் என்று கையிலிருந்த சொற்பப் பணத்தை எடுத்துக்கொண்டு சந்தைக்கு வந்த அந்த ஊராரே கண்முன் நிற்கிறார்கள்.

இனி, நம் வாசகர்கள் ஆவலோடு கேட்கக்கூடிய ஒரு செய்தி. வரைதாப் பள்ளத்தாக்கின் சாம்பேய்ரே என்னும் ஊரிலும் அதைச் சேர்ந்த மூன்று சிற்றூர்களிலும் ஐந்தாண்டுக்கு ஒருமுறை 'பாயீயோ' என்ற திருவிழா நடைபெறுகிறது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இப்பள்ளத்தாக்கிலிருந்து ஸரசேனியரை, அதாவது முஸ்லிம்களை, விரட்டியதன் நினைவே இவ்விழா என்று அவ்வூரார் கூறுகின்றனர். தலைமுறை தலைமுறையாக வீட்டில் காத்து வைத்த பட்டு நாடாக்களை ஆடையெங்கும் தைத்துக்கொண்டு ஊர்வலம் வருவர். தடையாகக் கிடக்கும் மரங்களைக் கோடரியால் வெட்டி வழி செய்வோர், பறை கொட்டுவோர், மூர்கள், துருக்கியர், கிரேக்கர் எனப் பலவகை வேடங்கள். பெண் வேடங்களையும் ஆண்களே புனைவர். இறுதி நாளில் விழாவின் பொருளாளர் பணப்பையோடு ஓட்டமெடுப்பார்; பிடித்து வந்து ஊர் நடுவே விசாரணை நடத்துவர். 2022இல் வரவேண்டிய விழா கொரோனா நோயால் தள்ளிப்போய் 2023இல் நடைபெற்றது.

இதில் வரலாறு எவ்வளவு, கற்பனை எவ்வளவு? ஸ்பெயினிலிருந்து கடல்வழி வந்த முஸ்லிம் கூட்டம் ஒன்று, 9ஆம் நூற்றாண்டின் இறுதியில் தென் பிரான்சின் கடற்கரையை ஒட்டிய ஒரு மலையில் நிலைகொண்டது உண்மை. ஐரோப்பியர் அவ்விடத்தை ஃபிராக்சினேத்தும் என்றனர். அரபுப் புவியியலாளர் இப்னு ஹவ்கல் தம் நூலில் 'ஜபலுல் கிலால்' என்று குறிப்பிடுவது இதையே என்பது அறிஞர் கருத்து. நீர்வளமும் விளைநிலமும் உடைய மலை, அணுகுதற்கரிய இடம், அதில் முஸ்லிம்கள் குடியேறினர் என்று அவர் எழுதுகிறார். அங்கிருந்து அவர்கள் ஆல்ப்ஸ் கணவாய்கள் வரை சென்றதும் உண்மை. 906இல் நொவலேசா மடத்துத் துறவிகள் அவர்களுக்கு அஞ்சி ஊரை விட்டு ஓடினர். 942இல் இத்தாலிய அரசர் ஹியூகோ, தம் எதிரியை வரவிடாமல் தடுப்பதற்காக அவர்களோடு உடன்பாடு செய்து கணவாய்களின் காவலையே ஒப்படைத்தார். 972இல் குளூனி மடத்தின் தலைவர் மையோலுஸைச் சிறைபிடித்து ஆயிரம் ராத்தல் வெள்ளி மீட்புப் பணம் பெற்றனர். அதுவே அவர்களுக்கு முடிவாயிற்று. அதனால் சினந்தெழுந்த புரோவென்ஸ் பிரபுவும் தூரின் பிரபுவும் திரண்டு வந்து 973ஐ ஒட்டி அவர்களை ஒழித்தனர்.

இவர்கள் நம் மார்க்கத்தவர் என்பதற்காக வழிப்போக்கரைப் பிடித்துப் பணம் பறித்ததை வீரம் என்று எழுத மனம் ஒப்பவில்லை. அதே வேளையில், அம்மலைகளில் எந்தப் பழம்பொருளுக்குக் காரணம் தெரியாவிட்டாலும் 'ஸரசேனியர் செய்தது' என்று சொல்லும் வழக்கம் பிற்காலத்தில் வளர்ந்தது என்பதையும் சொல்ல வேண்டும். பாழடைந்த கோபுரம் என்றால் ஸரசேனியர் கட்டியது. பழைய குகை என்றால் அவர்கள் ஒளிந்தது. மேலே கூறிய உப்புச் சுரங்கத்தைக்கூட அவர்கள் குடைந்ததாகச் சொன்னவர்கள் உண்டு. அங்கு விளையும் ஒரு கருந்தானியத்திற்கு 'ஸரசேனியத் தானியம்' என்றே பெயர். ஆனால் அது ஐரோப்பாவின் அப்பகுதிக்கு வந்தது அவர்கள் போய்ப் பல நூற்றாண்டுகள் கழிந்த பின்னரே. சாம்பேய்ரேயில் அவர்கள் தங்கியதற்குத் தனிச் சான்று எதுவும் வலுவாக இல்லை. ஆயினும் விழாவை நடத்துவோர்க்கு அது பொருட்டன்று. ஐந்தாண்டுக்கு ஒருமுறை, வெளியூர்களில் பிழைக்கும் மைந்தர்கள் ஊர் திரும்பி, பாட்டியின் பெட்டியைத் திறந்து பட்டு நாடாவை எடுக்கிறார்கள். அதற்கு ஒரு காரணம் வேண்டும்; அக்காரணம் நம் முன்னோராக அமைந்தது.

ஊர் திரும்புதல் என்றேன். இம்மலையூர்களின் உயிர்நாடியே அதுதான். நிலம் போதாது, குளிர்காலத்தில் வேலையும் இல்லை. ஆகவே அறுவடை முடிந்ததும் ஆண்கள் கீழே இறங்கிவிடுவர். ஒவ்வோர் ஊருக்கும் ஒரு தொழில். மாயிராப் பள்ளத்தாக்கின் செல்லே தி மாக்ரா ஊராரும் அண்டை ஊராரும் உப்பிட்ட நெத்திலி மீன் விற்றனர். கடலையே காணாத மலைவாசிகள் மீன் வணிகரானது வேடிக்கைதான். மரப் பீப்பாய்களைக் கைவண்டியில் ஏற்றி, போ ஆற்றுச் சமவெளியெங்கும் தெருத்தெருவாகத் தள்ளிச் செல்வர். பியெமோந்தே மக்களின் புகழ்பெற்ற உணவாகிய 'பாஞ்ஞா காவ்தா' பூண்டும் எண்ணெயும் இந்த மீனும் சேர்ந்த குழம்பு. அவ்வுணவின் பின்னே இவர்களுடைய தேய்ந்த காலணிகள் உள்ளன.

எல்வா ஊராரின் தொழிலோ இன்னும் விந்தையானது. 1637 மீட்டர் உயரத்தில், செங்குத்தான பள்ளம் ஒன்றின் மேல் ஒட்டிக்கொண்டிருக்கும் ஊர் அது. அங்குள்ள தேவாலயத்தில் 15ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஹான்ஸ் கிளெமர் என்ற ஓவியர் தீட்டிய சுவரோவியங்களைக் காண அறிஞர்கள் இன்றும் வருகிறார்கள். இவ்வூர் ஆண்கள் குளிர்காலத்தில் இத்தாலியின் சிற்றூர்களுக்குச் சென்று ஏழைப் பெண்களின் கூந்தலை விலைக்கு வாங்குவர். துணியோ சிறிது பணமோ கொடுத்தால் போதும். வீட்டில் அவர்களுடைய மனைவியரும் மகள்களும் அம்மயிரைக் கழுவி, சிக்கெடுத்து, நீளம் பார்த்து நிறம் பார்த்துக் கட்டுவர். அது பாரிசுக்கும் லண்டனுக்கும் அமெரிக்காவுக்கும் சென்று செல்வர்களின் பொய்ம்முடியாக மாறும். வறுமைப்பட்ட ஒருத்தியின் கூந்தலை, அவளைப் போன்றே வறுமைப்பட்ட இன்னொருத்தி ஒரு மலையுச்சியில் அமர்ந்து சீவிக்கொடுத்தாள். அத்தொழில் மறைந்தது, எல்வாவில் இப்போது அதற்கு ஓர் அருங்காட்சியகம் மட்டும் உண்டு.

பிள்ளைகளும் தப்பவில்லை. பிரான்சின் பார்சலொனெத் நகரத்துச் சந்தைக்கு இம்மலைச் சிறுவர்களை அழைத்துச் சென்று, ஒரு கோடைக்கு ஆடு மாடு மேய்க்கக் கூலி பேசி விட்டு வருவர். ஒரு வாய் குறைந்தால் வீட்டில் அத்தனை ரொட்டி மிச்சம். பிழைப்புக்காக வீட்டை விட்டுச் செல்வோரை வழியனுப்பிப் பழகிய குடும்பத்தார்க்கு இதை நான் விளக்க வேண்டுவதில்லை. ஆயினும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்நாளில் போனவர்கள் வந்தார்கள். மார்ச்சில் வந்து ஏர் பூட்டினார்கள். போய் வருதல் என்பது ஊரைச் சிதைக்கவில்லை, ஊரைக் காத்தது.

அது 20ஆம் நூற்றாண்டில் முறிந்தது. இம்மலை இளைஞர்களையே பெரும்பாலும் சேர்த்து அமைத்த 'குனேயென்சே' என்னும் படைப்பிரிவை முசோலினி அரசு ருஷ்யப் போர்முனைக்கு அனுப்பியது. 1943 ஜனவரியில் அப்பிரிவு பனிவெளியில் அழிந்தது. பெரும்பான்மையோர் திரும்பவே இல்லை. எஞ்சியோரைப் பின்னர் தொழிற்சாலைகள் அழைத்தன. தூரினில் ஃபியட் கார் ஆலை. 1960களில் குனேயோவிலேயே மிஷெலின் டயர் ஆலை. மாதச் சம்பளம், குழாய்த் தண்ணீர், பக்கத்தில் பள்ளிக்கூடம். எவர் குறை சொல்ல முடியும்? பெண்களே முதலில் மலையை வெறுத்தனர் என்பர். நீர் சுமந்து, வைக்கோல் சுமந்து கூனிய தாயைக் கண்ட மகள், மலையில் வாழ்பவனுக்கு வாழ்க்கைப்பட மறுத்தாள். மணமாகாத உழவர்கள் தெற்கே கலாப்ரியா முதலிய ஏழைப் பகுதிகளிலிருந்து தரகர் மூலம் மணப்பெண் தேடினர். மொழி புரியாமல், பனியைக் கண்டறியாமல் வந்து சேர்ந்த அப்பெண்களின் வாய்மொழியையெல்லாம் நூத்தோ ரெவெல்லி என்னும் எழுத்தாளர் பதிவு செய்தார். ருஷ்யப் போரிலிருந்து உயிர்தப்பி வந்த அதிகாரி அவர். ஒலிப்பதிவுக் கருவியோடு வீடு வீடாக ஏறி இறங்கி முதியோரிடம் கேட்டு எழுதிய நூலுக்கு, 'தோற்றவர்களின் உலகம்' என்ற பொருளில் பெயரிட்டு 1977இல் வெளியிட்டார். பெண்களின் கதைகளைச் சேர்த்த நூல் 1985இல் வந்தது.

போ பள்ளத்தாக்கில் மொன்விசோவை நேருக்கு நேர் நோக்கி அமர்ந்திருக்கும் ஒஸ்தானா என்னும் ஊரின் கணக்கைப் பாருங்கள். 1921ஆம் ஆண்டளவில் சுமார் 1200 பேர். 1980களில் குளிர்காலத்தில் அங்கு வாழ்ந்தவர்கள் ஐந்தே பேர். ஐந்து பேர்! எஞ்சிய வீடுகளின் உத்தரங்கள் மக்கி, கற்கூரைகள் உள்ளே விழுந்தன.

ஆனால் ஒஸ்தானா அழியவில்லை. வெளியூர்களில் பிழைத்த அவ்வூர் மைந்தர்கள் சிலர், 1980களிலேயே ஒரு முடிவு செய்தனர். வீடு புதுப்பிப்பதாயின் பழைய முறையில், கல்லிலும் லார்ச் மரத்திலும்தான் புதுப்பிக்க வேண்டும். கண்டபடி சிமெண்ட்டால் மெழுகக் கூடாது. சொல்ல எளிது, செலவோ மிகுதி. ஆயினும் அதில் உறுதியாக நின்றனர். பனிச்சறுக்கு விடுதிகளுக்காக ஊரைத் தாரைவார்க்கவும் இல்லை. 2015இல் ஊருக்கு நடுவே ஒரு பண்பாட்டு மன்றம் எழுந்தது. அவர்களுடைய மொழி ஒக்சித்தானியம். இத்தாலியமும் அன்று, பிரெஞ்சும் அன்று. ஒருகாலத்தில் அதில் பாடிய புலவர்களை ஐரோப்பிய அரண்மனைகள் போற்றின. பிறகு அதைப் பேசியதற்காகப் பள்ளிப்பிள்ளைகள் வெட்கப்பட்டனர். 1999ஆம் ஆண்டின் சட்டம் அதைப் பாதுகாக்கத்தக்க மொழிகளில் ஒன்றாக ஏற்றது. சிறுபான்மை மொழிகளில் எழுதுவோரை உலகின் பல மூலைகளிலிருந்தும் அழைத்து ஒஸ்தானா ஆண்டுதோறும் பரிசளிக்கிறது. 2016 ஜனவரியில் அவ்வூர்த் தம்பதியர்க்கு ஓர் ஆண் குழந்தை பிறந்தது. 28 ஆண்டுகளில் அவ்வூரின் முதற் குழந்தை. உலகச் செய்தித்தாள்கள் அதைப் படத்தோடு வெளியிட்டன.

இங்கு நாம் கவனிக்கத் தவறக் கூடாத வேறு சிலரும் உளர். கூரைக்கும் தரைக்கும் வேண்டிய தகட்டுக்கல் கிடைப்பது போ பள்ளத்தாக்கின் வாயிலை ஒட்டிய பார்ஜே, பாஞ்ஞோலோ என்னும் ஊர்களில். உள்ளூர் இளைஞர் விட்டுப்போன அந்தக் கல்லுடைக்கும் வேலைக்கு 1990கள் முதல் சீனத்தின் ஜெஜியாங் மாநிலத்தவர் வரலாயினர். ஒக்சித்தானியக் கூரைகளின் கல்லைப் பிளக்கும் உளி இன்று பெரும்பாலும் சீனர் கையில் இருக்கிறது. இன்னும் கீழே, சலூத்சோ நகரைச் சுற்றிய பழத்தோட்டங்களில் ஆண்டுதோறும் கோடையில் பீச்சும் ஆப்பிளும் பறிப்போர் மாலி, செனகல், காம்பியா, புர்கினா ஃபாஸோ முதலிய மேற்காப்பிரிக்க நாட்டு இளைஞர்கள். அவர்களில் நம் சகோதரர்கள் பலர். பல ஆண்டுகள் அவர்கள் தங்க இடமின்றி, பழைய மாட்டுச் சந்தைத் திடலில் அட்டையும் தார்ப்பாயும் விரித்துப் படுத்தனர். 2018இல் கைவிடப்பட்ட ஒரு படைவீட்டில் படுக்கைகள் போட்டு இடம் தரப்பட்டது. அதுவும் எல்லோர்க்கும் போதவில்லை. பருவம் முடிந்ததும் அவர்கள் வேறு பழம், வேறு ஊர் தேடிப் போகிறார்கள். நெத்திலி வண்டி தள்ளியவர்களின் பேரப்பிள்ளைகள்தான் அத்தோட்டங்களின் அண்டையில் வாழ்கிறார்கள். பருவத்துக்குப் பருவம் கூலிக்கு அலைவது என்னவென்று அறிந்த மண் அது. படுக்க இடம் தருவதற்கு அம்மண்ணுக்கு அத்தனை ஆண்டு ஏன் பிடித்தது என்று கேட்கத் தோன்றுகிறது. பாயீயோ விழாவில் மூர் வேடம் புனைபவர்கள் மலையில் இருக்கிறார்கள். ஏணியில் நின்று பழம் பறிக்கும் உண்மையான ஆப்பிரிக்கர்கள் அடிவாரத்தில்.

கடைசியாக எல்வா. நூறாண்டுக்கு முன் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வாழ்ந்த அவ்வூரில் இன்று நூறு பேரும் இல்லை. 2022இல் இத்தாலிய அரசு, கைவிடப்படும் சிற்றூர்களை உயிர்ப்பிக்க மாநிலத்துக்கு ஓர் ஊராக 21 ஊர்களைத் தேர்ந்து, ஊருக்கு 2 கோடி யூரோ வீதம் ஒதுக்கியது. பியெமோந்தேயில் அது எல்வாவுக்குக் கிடைத்தது. தலைக்குக் கணக்கிட்டால் ஒவ்வொருவருக்கும் இரண்டு இலட்சம் யூரோவுக்கும் மேல்! ஒரே ஊருக்கு இவ்வளவா, அதைப் பல ஊர்களுக்குப் பகிர்ந்தளித்திருக்கலாகாதா என்று அப்போதே எதிர்ப்பு எழுந்தது. எனக்கும் அது நியாயமாகவே படுகிறது. அப்பணம் கல்லாகவும் மரமாகவும் மாறும், கூரைகள் நேராகும், ஓவியத்தைக் காணக் கோடையில் வருவோர்க்கு விடுதி எழும். ஜனவரியில், பனி சன்னலளவு ஏறி நிற்கும்போது, அக்கூரைகளில் எத்தனை புகைபோக்கிகள் புகைகின்றன என்பதை எண்ண ஒருவர் மேலே ஏறிச் செல்ல வேண்டும். பழைய மலைப்பாதை 2014 முதல் பாறைச்சரிவால் மூடப்பட்டது. அவர் சுற்றுவழியாகத்தான் போக நேர்ந்திருக்கும்.